கார்ன்வால் யூதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மாவட்டம் கார்ன்வால். அங்கே ஃபால்மத், பென்சான்ஸ் என்ற இரண்டு துறைமுக ஊர்களில் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை யூதர்கள் சிறு சமூகங்களாக வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் நண்பர்களும் வாசகர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன்.

கார்ன்வால்ல யூதர்களா? இங்கிலாந்து யூதர்கள்னா லண்டன், மான்செஸ்டர்தானே?

1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து பெரும் எண்ணிக்கையில் வந்தவர்கள் லண்டன், மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற தொழில் நகரங்களில் குடியேறினார்கள். நம் மனதில் இருக்கும் படம் அவர்களுடையது. அதற்கு நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே வேறு ஒரு வரைபடம் இருந்தது. போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம், ஷீர்னஸ், ஃபால்மத், பென்சான்ஸ் என்று அது முழுக்கத் துறைமுகங்களாலானது.

பிளிமத்தில் 1762-லும் எக்ஸிட்டரில் 1763-லும் கட்டிய ஜெப ஆலயங்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. இவை இரண்டும் பக்கத்து மாவட்டமான டெவனைச் சேர்ந்தவை. கார்ன்வாலின் இரண்டு சமூகங்களும் அதே தலைமுறையில் பிறந்தவைதான், அளவில் இன்னும் சிறியவை. எப்போதும் சில குடும்பங்கள்தான். அத்தனை சிறிய கூட்டம் எப்படி அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பதே எனக்கு இதில் மிக முக்கியமான விஷயம்.

1290-ல யூதர்களை எல்லாம் விரட்டிட்டாங்கன்னு படிச்சேனே, அப்புறம் எப்படி உள்ள வந்தாங்க?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். முதலாம் எட்வர்ட் 1290-ல் யூதர் அனைவரையும் வெளியேற்றினார். அதன்பின் முன்னூற்றைம்பது வருடங்களுக்கு மேல் அவர்கள் வெளிப்படையாக அங்கே வாழ முடியவில்லை. 1655-ல் ஆம்ஸ்டர்டாம் ராபி (யூத மதகுரு) மெனாசே பென் இஸ்ரேல் லண்டனுக்கு வந்து, அப்போது நாட்டை ஆண்ட குரோம்வெல்லிடம் மனுக் கொடுத்தார். அனுமதிச் சட்டம் என்று தனியாக எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் 1656-லிருந்து லண்டனில் வழிபடவும் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் விட்டார்கள். கதவு அப்படித்தான் திறந்தது.

முதலில் வந்தவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செஃபார்டிகள். அவர்களைத் தொடர்ந்து ஜெர்மன் நிலப்பகுதிகள், அல்சாஸ், ஹாலந்து பக்கமிருந்து அஷ்கெனாசிகள் வந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். லண்டனில் பிழைக்க வழியில்லாத இளைஞர்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியூர்களுக்கு நடந்தார்கள். கார்ன்வால் கதை அவர்களிடமிருந்து தொடங்குகிறது.

மதராஸ்ல வைர வியாபாரம் பண்ணின யூதர்களும் இவங்களும் ஒரே ஆளுங்களா?

இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை அண்டி வைரமும் பவளமும் வியாபாரம் செய்தவர்கள் செஃபார்டிகள், முதலீடு வைத்திருந்த பெரும் வணிகர்கள். 1688-ல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மன்களாகவே, அதாவது மூத்த உறுப்பினர்களாகவே, சில யூதர்கள் இருந்தார்கள். கார்ன்வாலுக்குப் போனவர்கள் ஊசி, நூல், பொத்தான் விற்றவர்கள். மதம் ஒன்று, வர்க்கம் வேறு, பேசிய மொழியும் வேறு.

எத்தனையோ ஊர் இருக்க, ஃபால்மத்துக்கு ஏன் போனாங்க?

அஞ்சல் கப்பல்கள் காரணம். 1680-களின் கடைசியிலிருந்து 1850 வரை பிரிட்டிஷ் அரசின் வெளிநாட்டுத் தபால் கப்பல்கள் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டன. லிஸ்பன், மேற்கிந்தியத் தீவுகள், அமெரிக்கா என்று பல திசைகளுக்கும் தபால், பயணிகள், தங்கம் வெள்ளி எல்லாம் அந்தச் சிற்றூர் வழியாகத்தான் போயின. கப்பல் திரும்பி வந்ததும் மாலுமிகள் கையில் கூலி இருக்கும். கடிகாரம், வெள்ளிக் கொக்கி, துணிமணி வாங்குவார்கள், வெளிநாட்டு நாணயத்தை மாற்றுவார்கள், செலவுக்குப் போதாமல் போனால் அடகும் வைப்பார்கள்.

யூதர்களுக்கு ஏற்கெனவே கைவந்த தொழில்கள் இவைதான். ஐரோப்பாவின் பல பகுதிகளில் நிலமும் கைவினைச் சங்கங்களும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததால், எடுத்துச் செல்லக்கூடிய சரக்கையும் கைத்திறனையும் நம்பி வாழப் பழகியிருந்தார்கள். ஃபால்மத்துக்குப் பின்னால் உள்நாட்டில் இன்னொரு சந்தை இருந்தது. ரெட்ரூத், கேம்போர்ன் பக்கம் வெள்ளீயச் சுரங்கங்களும் செப்புச் சுரங்கங்களும் இருந்தன. அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கூலி பணமாகக் கிடைத்தது, கடைகளோ தொலைவில் இருந்தன.

பென்சான்ஸ்ல 'மார்க்கெட் ஜூ' தெருன்னே ஒண்ணு இருக்கே! அப்ப யூதர்கள் பழங்காலத்திலேயே வெள்ளீயம் வாங்க வந்தாங்கன்னுதானே அர்த்தம்?

அந்தத் தெருப் பலகையைப் பார்த்த எல்லோரும் இதைக் கேட்பார்கள். தெருவின் பெயருக்கும் யூதர்களுக்கும் சம்பந்தமில்லை. அது பழைய கார்னிஷ் மொழியின் 'மர்ஹஸ் யோவ்', அதாவது வியாழச் சந்தை. பக்கத்தில் இருக்கும் மராசியன் என்ற ஊரின் சந்தையைக் குறித்தது. ஆங்கிலம் பேசியவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள்.

வெள்ளீயக் கதை இதைவிடப் பழையது. 1602-லேயே ரிச்சர்ட் கேரூ தன் கார்ன்வால் விவரணையில், பாழடைந்த பழைய சுரங்கங்களை யூதர்கள் தோண்டியதாக மக்கள் சொல்வதைப் பதிவு செய்திருக்கிறார். பிற்பாடு பழைய உருக்கு உலைகளுக்கும் 'யூதர் வீடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்களும் கதையில் சேர்ந்தார்கள். 1290-க்கு முன்பு கார்ன்வாலில் யூதக் குடியிருப்பு இருந்ததைக் காட்டும் உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஆவணங்களில் நன்றாகத் தெரியும் தென்மேற்கு யூத சமூகம் எக்ஸிட்டரில் இருந்தது. உண்மையான வரலாறு இருநூறு சொச்ச வருடம்தான், அதுவே போதிய அளவு சுவையானது. கற்பனையைக் கொண்டு அதை நீட்ட வேண்டியதில்லை.

பத்து ஆம்பளை இல்லைன்னா சாமி கும்பிட முடியாதாமே, நிஜமா?

தனியாகப் பிரார்த்தனை செய்யத் தடை எதுவும் இல்லை. ஆனால் கூட்டு வழிபாட்டுக்கு, பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் வேண்டும் என்பது மரபு. அதற்கு மின்யன் என்று பெயர். பத்துப் பேர் சேராவிட்டால் யூத வேதமான தோராவின் சுருளைத் திறந்து பொதுவில் வாசிக்க முடியாது, இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் பிரார்த்தனையையும் சொல்ல முடியாது. இன்று சில பிரிவுகள் பெண்களையும் கணக்கில் சேர்க்கின்றன, அந்தக் காலத்தில் அப்படி இல்லை.

லண்டனில் பத்தாவது ஆளைத் தேட வேண்டியதில்லை. ஃபால்மத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால், ஒருவர் மழையில் மாட்டிக்கொண்டால், அந்த வார வழிபாடு நின்றுபோகலாம். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த ஒரு விதிதான் அடிப்படை.

ஃபால்மத்ல முதல்ல ஆரம்பிச்சது யாரு?

1740 வாக்கில் அங்கே வந்து சேர்ந்த அலெக்சாண்டர் மோசஸ். வெள்ளி வேலைக்காரர். எல்லோரும் அவரை ஜெண்டர் ஃபால்மத் என்று அழைத்தார்கள். 1791-ல் இறக்கும்வரை சமூகத்தின் மையம் அவர்தான். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, 1803-ல் ஃபால்மத்தில் பிறந்த இஸ்ரேல் சாலமன் என்பவர் முதுமையில் நியூயார்க்கில் இருந்துகொண்டு 1887-ல் எழுதிய குடும்ப நினைவுகளிலிருந்து வருகிறது. அவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதை எழுதியிருக்கிறார்.

ஜெண்டர் செய்த ஏற்பாடு இதுதான். கையில் காசில்லாமல் வரும் யூத இளைஞனுக்கு அவர் தலைச்சுமை வியாபாரி உரிமம் எடுத்துக் கொடுப்பார், கொஞ்சம் சரக்கைக் கடனுக்குத் தருவார். 1697-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்து விற்பவர் வருடத்துக்கு 4 பவுண்டு கட்டி உரிமம் வாங்க வேண்டும், குதிரை வைத்திருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு 4 பவுண்டு. புதிதாக வந்த ஏழையால் அதைப் புரட்ட முடியாது. கடனுக்கு ஜெண்டர் ஒரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஃபால்மத் திரும்பிவிட வேண்டும், சனிக்கிழமை ஓய்வுநாள் வழிபாட்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்த்து, புதுச் சரக்கு எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பலாம். கடன் கொடுத்து ஜெண்டர் தன் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார்.

அது ஒரு மாதிரி கொத்தடிமை இல்லையா? கடனைக் காட்டி வழிபாட்டுக்கு வரவைக்கிறது?

நியாயமான கேள்விதான். அதிகாரம் முழுக்க ஜெண்டர் பக்கம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சரக்கு அவருடையது, உரிமக் காசு அவருடையது, மறுத்துவிட்டுப் போக வேறு முதலாளியும் பக்கத்தில் இல்லை.

ஆனாலும் கொத்தடிமை என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது என் முடிவு. கொத்தடிமை முறையில் கடன் வளர்ந்துகொண்டே போகும், ஆள் வெளியேற முடியாது. இங்கே வாரா வாரம் கணக்கு தீர்ந்தது. இப்படித் தொடங்கியவர்களில் சிலர் பிறகு சொந்தக் கடை வைத்தார்கள். அல்சாஸிலிருந்து வந்த பார்னெட் லெவி சோப்புக் காய்ச்சும் தொழில் தெரிந்தவர். ஜெண்டரின் சரக்கோடு தெருவில் இறங்கி, ஃபால்மத்திலேயே நிலைத்துக் குடும்பம் நடத்தினார். இஸ்ரேல் சாலமன் அந்தக் குடும்ப வழி வந்தவர். அந்நிய தேசத்தில், மொழி தெரியாத இருபது வயதுப் பையனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது தன் மொழியில் பேச ஆளும் சூடான சாப்பாடும் கிடைத்ததை நாம் லேசாக எண்ணிவிடக் கூடாது.

வாரம் முழுக்க ஊர் ஊரா நடந்தா எங்க தங்குவாங்க, என்ன சாப்பிடுவாங்க? கோஷர் எல்லாம் எப்படி?

இதற்கான பதிலும் அதே குடும்ப நினைவுகளில் இருக்கிறது, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வியாபாரிகள் வழக்கமாகத் தங்கும் சத்திரங்களில் அவர்களுக்கென்றே ஒரு அலமாரி இருந்தது. அதற்குள் கோஷர் சமையலுக்கான, அதாவது யூத உணவு விதிப்படி சமைப்பதற்கான பாத்திரங்கள். சத்திரக்காரர் அதைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்திருப்பார், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். வியாபாரி வந்ததும் பாத்திரத்தை எடுத்துத் தானே சமைப்பான். சமைத்துக் கழுவி வைக்கும்போது பாத்திரத்தின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் ஹீப்ரு எழுத்தில் தன் பெயரையும் தேதியையும் அந்த வாரம் வாசிக்கும் தோராப் பகுதியின் பெயரையும் எழுதுவான். அடுத்து வருபவன் அதைப் படிப்பான். எழுத்து அழியாமல் இருந்தால், நடுவில் யாரும் அதில் வேறு எதையும் சமைக்கவில்லை என்று தெரிந்துகொள்வான்.

வழியில் இறைச்சிக்கு அதிகம் வாய்ப்பில்லை, ஏனென்றால் முறைப்படி அறுக்க ஷொஹெட் வேண்டும். மீனுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. செதிலும் துடுப்பும் இருந்தால் கோஷர்தான், கார்ன்வால் கடற்கரையில் அதற்கு என்றும் பஞ்சமில்லை. ஃபால்மத்துக்குத் திரும்ப முடியாத தொலைவில் இருந்தவர்கள் சில சமயம் வசதியான ஒரு சத்திரத்தில் கூடி ஓய்வுநாளைக் கழித்தார்கள். அறுக்க அனுமதி பெற்ற ஒருவர் வெள்ளிக்கிழமை முன்கூட்டியே வந்து இறைச்சி தயார் செய்து சமைத்து வைப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள்.

சத்திரக்காரரைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். அவர் கிறிஸ்தவர், அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் பூட்டிய அலமாரியைக் காப்பாற்றினார். வாடிக்கையாளர் போய்விடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும், ஆனால் அது மட்டும்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர்க்காரங்க நல்லா நடத்தினாங்களா, இல்ல தொந்தரவு கொடுத்தாங்களா?

இரண்டும் நடந்தது. ஃபால்மத் யூதர்களுக்கு இடுகாட்டு நிலம் கொடுத்தது உள்ளூர் நிலக்கிழார்களான பாசெட் குடும்பம். ஃபால்மத்துக்கும் பென்ரினுக்கும் நடுவே போன்ஷார்டன் என்ற இடத்தில் அது இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளின் இடுகாடும் அதை ஒட்டியே அமைந்தது. அரசு மதத்துக்கு வெளியே இருந்த இரண்டு கூட்டத்தார் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமானார்கள்.

தனியாக நடப்பவனுக்கு ஆபத்தும் இருந்தது. ஐசாயா ஃபாக் வாலன்டைன் என்ற பிளிமத் யூத வியாபாரியை 1811-ல் ஃபோவி என்ற ஊரின் சத்திரக்காரர் வயாட் வரவழைத்தார். தங்க நாணயம் விற்பனைக்கு இருக்கிறது என்று ஆசை காட்டித்தான் அழைத்தார். போர்க்காலம் அது, காகித நோட்டைவிடத் தங்கக் கினிக்கு அதிக விலை கிடைத்தது. வாலன்டைன் வாங்குவதற்குப் பணத்தோடு போனார். அவரைத் துறைமுகத்து நீரில் தள்ளிக் கொன்று பணத்தை எடுத்துக்கொண்டார் வயாட். அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். கொல்லப்பட்டவன் யூதன் என்பதால் நீதிமன்றம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அதையும் பதிவு செய்ய வேண்டும்.

சட்டப்படி அவங்க குடிமக்களா?

இங்கிலாந்தில் பிறந்த யூதர் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை. வெளிநாட்டில் பிறந்தவருக்குத்தான் சிக்கல். நிலம் வாங்கவும் சில வகை வணிகம் செய்யவும் அவருக்குத் தடை இருந்தது, குடியுரிமை பெறக் கிறிஸ்தவச் சடங்கு தேவைப்பட்டது. 1753-ல் நாடாளுமன்றம் அதைத் தளர்த்திச் சட்டம் போட்டது. நாடெங்கும் கூச்சல் கிளம்பியதும் சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். யூதர் ஒருவர் யூதராகவே உறுதிமொழி எடுத்து மக்களவையில் உட்கார 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் லயனல் டி ரோத்ஸ்சைல்ட்.

அன்றாடத்தில் அவர்களை அதிகம் பாதித்தது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கச் சட்டம் இடம் தரவில்லை, சனிக்கிழமை திறக்க மதம் இடம் தரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வியாபாரம் போனது.

ராபி யாராவது இருந்தாரா?

முழுத் தகுதி பெற்ற ராபியை வைத்துக்கொள்ள இவ்வளவு சிறிய சமூகத்துக்குக் கட்டுப்படியாகாது. மார்க்கத் தீர்ப்புகளுக்கு லண்டனில் இருந்த தலைமை ராபியைத்தான் நாடினார்கள். உள்ளூரில் ஒரே ஆள் வழிபாடு நடத்துவார், ஆடுமாடு அறுப்பார், பிள்ளைகளுக்கு ஹீப்ரு சொல்லிக்கொடுப்பார். பென்சான்ஸில் அப்படி நெடுங்காலம் இருந்தவர் பார்னெட் சிம்மன்ஸ். 1811-ல் வந்தவர், இடையில் விட்டுவிட்டு, பல பத்தாண்டுகள் பணி செய்தார். சிறு சமூகம் கொடுத்த சம்பளத்தில் பெரிய குடும்பத்தை நடத்துவது எளிதாக இருந்திருக்காது.

பெண்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

மின்யன் கணக்கில் அவர்கள் இல்லை, சமூகத்தின் கூட்டங்களிலும் அவர்கள் குரல் இல்லை. பதிவேடுகளை மட்டும் படித்தால் ஆண்கள் மட்டுமே வாழ்ந்த ஊர் போலத் தோன்றும். ஆனால் ஃபால்மத், பென்சான்ஸ், ரெட்ரூத் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது திருமண உறவுகள்தான். ஜெண்டரின் மகள் சாராவை ரெட்ரூத்தில் இருந்த மோசஸ் ஜேக்கப் மணந்தார். அவர்கள் மகள் ஃப்ளோராவைத்தான் மேலே சொன்ன சிம்மன்ஸ் கட்டிக்கொண்டார். அதாவது ஃபால்மத்தை நிறுவியவரின் பேத்தி பென்சான்ஸ் வழிபாட்டுத் தலைவரின் மனைவி.

வீட்டைக் கோஷராக வைத்திருப்பது, ஓய்வுநாளுக்கு முன்பே சமைத்து முடிப்பது, வெள்ளிக்கிழமை மாலை நடந்து களைத்து வரும் அந்நிய இளைஞர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் பெண்கள் தலையில்தான். ஜெண்டரின் ஏற்பாட்டை வரலாறு அவர் பெயரில் எழுதுகிறது. அந்த மேஜையில் சாப்பாடு வைத்தவர்களின் உழைப்பு இல்லாமல் அது ஒரு வாரம்கூட ஓடியிருக்காது.

'லெமன் ஹார்ட்'னு ரம் பாட்டில் பார்த்திருக்கேன். அதுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. லெமன் ஹார்ட் 1768-ல் பிறந்த பென்சான்ஸ் யூதர். அவருடைய தாத்தா ஆப்ரஹாம் ஹார்ட் அந்த ஊரின் முன்னோடிக் குடியேறிகளில் ஒருவர். லெமன் ஹார்ட் மேற்கிந்தியத் தீவுகளின் ரம்மை வரவழைத்து விற்றார், அரச கடற்படைக்கும் கொடுத்தார். அந்த ரம் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களின் விளைச்சல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பென்சான்ஸில் 1807-ல் புதிய ஜெப ஆலயம் எழுந்த காலத்தில் சமூகத்தின் முன்னணி ஆள் அவர்தான்.

சில வருடங்களில் தொழில் வளர்ந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். சிறு ஊர்ச் சமூகத்துக்கு இது தீராத தலைவலி. பிழைக்கத் தெரியாதவர் கிளம்பினாலும் ஆள் குறையும், நன்றாகப் பிழைத்தவரும் பெரிய ஊர் தேடிப் போய்விடுவார்.

இவ்வளவு நல்லா இருந்தது ஏன் அழிஞ்சது? துரத்திட்டாங்களா, மதம் மாறிட்டாங்களா?

யாரும் துரத்தவில்லை. கலப்புத் திருமணம், மதமாற்றம் சில குடும்பங்களில் நடந்தது, ஆனால் சமூகத்தைக் கரைத்தது அதுவல்ல. காலடியில் இருந்த பொருளாதாரம் நகர்ந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் வந்ததும் தபால் சேவை கொஞ்சம் கொஞ்சமாகச் சவுத்ஹாம்ப்டனுக்குப் போய், 1850-ல் ஃபால்மத்தில் முற்றிலும் நின்றது. 1859-ல் டெவனையும் கார்ன்வாலையும் பிரிக்கும் தேமர் ஆற்றின் மேல் ராயல் ஆல்பர்ட் ரயில் பாலம் திறந்தது, 1863-ல் ரயில் ஃபால்மத்தை அடைந்தது. வெளியூர்ச் சரக்கு எளிதாக வந்து இறங்கியபோது, மூட்டை சுமந்து வருபவனுக்காக யார் காத்திருப்பார்கள்?

1866-ல் செப்பு விலை சரிந்து சுரங்கங்கள் மூடின. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பின்னர் தென்னாப்பிரிக்கா என்று கிளம்பினார்கள். வாங்குபவர்களே ஊரைவிட்டுப் போனபோது விற்பவர்களின் பிள்ளைகளும் லண்டன், பர்மிங்ஹாம், கடல் கடந்த நாடுகள் என்று போனார்கள். ஃபால்மத் ஜெப ஆலயம் 1880 வாக்கில் மூடியது, பென்சான்ஸ் 1906-ல். வெளியூர்ப் பையன்களின் வரத்து நின்றதும் ஜெண்டர் காலத்து ஏற்பாட்டுக்கு வேலையில்லை, பத்துப் பேர் சேரவில்லை.

அதே சமயத்துலதான் ரஷ்யாவிலிருந்து லட்சக்கணக்கா வந்தாங்க. அவங்கள்ல கொஞ்சம் பேர் இங்க வந்திருந்தா பிழைச்சிருக்குமே?

எனக்கும் இது பல தடவை தோன்றியிருக்கிறது. ஆனால் 1881-க்குப் பிறகு வந்தவர்கள் தேடியது தையல் பட்டறை, செருப்புப் பட்டறை, மரவேலைப் பட்டறை. முதல் வாரமே கூலி, பக்கத்துத் தெருவில் அவர்களின் தாய்மொழியான இத்திஷ் பேசும் அண்டைவீடு, நடக்கும் தூரத்தில் கோஷர் இறைச்சிக் கடை. இதையெல்லாம் லண்டனின் கிழக்குப் பகுதியும் லீட்ஸும் கொடுத்தன. சுரங்கம் மூடிக்கொண்டிருந்த கார்ன்வால் எதைக் கொடுக்கும்?

தனித்தனியாகச் சிலர் வந்தார்கள். பென்சான்ஸின் கடைசிக் காலத்தில் பிஷோஃப்ஸ்வெர்டர் குடும்பம் வழிபாட்டைத் தாங்கிப் பிடித்தது. ஒரு குடும்பம் எவ்வளவு காலம் பத்துப் பேராக நிற்க முடியும்?

இப்ப அங்க யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். 1999-ல் கெஹிலத் கெர்னோ என்ற பெயரில் கார்ன்வாலில் புதிய யூத சமூகம் உருவானது. பல்வேறு காரணங்களுக்காக வேறு ஊர்களிலிருந்து அங்கே குடியேறியவர்கள்தான் அதில் பெரும்பாலோர், ஜெண்டரின் வாரிசுகள் அல்ல. சொந்தக் கட்டடம் இல்லாமல் இடம் கேட்டு வாங்கி வழிபடுகிறார்கள். ஃபால்மத் ஜெப ஆலயத்தின் பழைய தோராச் சுருள் ஒன்று ட்ரூரோ அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, பின்னர் இவர்கள் கைக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை மறுபடி எடுத்து வாசிக்கிறார்கள். அந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

போனா என்ன பார்க்கலாம்?

ஃபால்மத்தில் ஸ்மிதிக் ஹில் மேலே, துறைமுகத்தைப் பார்த்தபடி 1808-ல் கட்டிய ஜெப ஆலயக் கட்டடம் நிற்கிறது. செங்கல் கட்டடம், மேல்பகுதி வளைந்த உயரமான சன்னல்கள். இப்போது வழிபாடு இல்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். போன்ஷார்டன் இடுகாடு புதர் மண்டிக் கிடந்தது. உள்ளூர் தன்னார்வலர்கள் அதைச் சுத்தம் செய்து காப்பாற்றி வருகிறார்கள். அங்கே கடைசி அடக்கம் 1913-ல் நடந்தது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பென்சான்ஸ் இடுகாட்டுக்குப் போங்கள். வீடுகளுக்கு நடுவே உயரமான சுற்றுச்சுவருக்குள் ஐம்பது வாக்கில் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. லண்டனுக்கு வெளியே அந்தக் காலத்து யூத இடுகாடுகளில் மிக நன்றாகப் பிழைத்தவற்றில் அது ஒன்று. பூட்டித்தான் இருக்கும், முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்கள் தலையை மூடிக்கொள்வது மரியாதை. பூ வைக்கும் வழக்கம் இல்லை, கல்லறை மேல் சின்னக் கல் ஒன்றை வைப்பார்கள்.

கல்லறையில ஹீப்ருல ஒரு பேர், ஊர்ப் பதிவுல வேற பேர். ரெண்டும் ஒரே ஆளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வருஷமும் குழப்புது.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். ஹீப்ருக் கல்வெட்டில் 'இன்னார் மகன் இன்னார்' என்றுதான் இருக்கும், குடும்பப்பெயர் இருக்காது. ஆங்கில அதிகாரி கேட்டபோது தந்தையின் பெயரையே குடும்பப்பெயராகச் சொல்லிவிடுவார்கள், நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' ஆகிவிடுவது போல. மோசஸின் மகன் அலெக்சாண்டர், அலெக்சாண்டர் மோசஸ் ஆனார். அவரையே மக்கள் ஊர்ப்பெயர் சேர்த்து ஜெண்டர் ஃபால்மத் என்றார்கள். ஒரே மனிதர், மூன்று விதமாகப் பதிவு. அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தந்தை பெயர், மனைவி பெயர், இறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கல்வெட்டில் ஆண்டு ஹீப்ரு எழுத்துகளால் இருக்கும், பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். எழுத்துகளின் கூட்டுத்தொகையோடு 1240-ஐக் கூட்டுங்கள். 551 என்று வந்தால் 1791. ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் முடிவதற்குள் வரும் தேதி என்றால் ஒன்றைக் கழித்து 1790 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, யூத நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். மாலையில் இறந்தவருக்கு ஆங்கிலப் பதிவில் ஒரு தேதியும் கல்லில் அடுத்த நாளும் இருந்தால் இரண்டுமே சரிதான்.